கொடிக்கு முன்னால் நின்றவரின் வீடு

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலருக்கும் நினைவுக்கு வருவது, 1942இல் வாஷிங்டன் நகரில் கார்டன் பார்க்ஸ் எடுத்த படம். சுவரில் தொங்கும் அமெரிக்கக் கொடிக்கு முன்னால், துடைப்பத்தைப் பிடித்தபடி, புள்ளி போட்ட உடையில் எலா வாட்சன் என்னும் துப்புரவுப் பணியாளர் நிற்கிறார். அந்தப் படத்தைவிட, அதற்குப் பிறகு பார்க்ஸ் செய்ததே பெரிது என்பது என் எண்ணம்.

பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் அரசு அமைப்பில் பணிபுரிய வந்த பார்க்ஸை, அங்கே ஒளிப்படப் பிரிவின் தலைவராயிருந்த ராய் ஸ்ட்ரைக்கர், கேமராவை வைத்துவிட்டு ஊரைச் சுற்றிவரச் சொன்னார். உணவகம், துணிக்கடை, திரையரங்கு என்று போன இடமெல்லாம் நிறத்தின் பெயரால் அவமதிப்பே கிடைத்தது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் கொடிப்படம். கொதிப்போடு அவர் நிறுத்தியிருந்தால் எலா வாட்சன் வெறும் சின்னமாகவே எஞ்சியிருப்பார். பார்க்ஸோ அவருடைய வீட்டுக்குள்ளும் போனார். பேரப்பிள்ளைகளோடு அவர் இருப்பதையும், படுக்கையறையில் அவர் அமைத்திருந்த சிறு வழிபாட்டுப் பீடத்தையும், தேவாலய வழிபாட்டையும் வாரக்கணக்கில் படமெடுத்தார். அலுவலகத்தைப் பெருக்குவதற்கு அப்பாலும் அவருக்கு ஒரு வாழ்வு இருந்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

நியூயார்க்கில் கறுப்பர்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஸ்டுடியோ திறந்துவிட்ட ஜேம்ஸ் வான் டெர் சீயின் வழி வேறு. வேண்டுமானால், இல்லாத நகையையும் நெகட்டிவிலேயே கீறி வரைந்துவிடுவார். பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 1932இல், ரக்கூன் தோல் மேலங்கி அணிந்த ஒரு தம்பதியைப் பளபளக்கும் காடிலாக் காரோடு நடுத்தெருவில் படமெடுத்தார். இதைப் பொய்யழகு என்று ஒதுக்குவோர் உண்டு, நான் ஒப்பமாட்டேன். கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாகவே கண்டு பழகிய நாட்டில், தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்று காசு கொடுத்துத் தானே தீர்மானித்தவரின் விருப்பமும் ஒரு வரலாற்றுச் சான்றுதானே!

1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. ஹார்லெமின் ஓவியர்களுக்கு அதில் இடமில்லை. வாசலில் மறியல் நடந்தது. உள்ளே பார்வையாளரை ஈர்த்தவற்றில் வான் டெர் சீயின் படங்களுக்குத் தனியிடம் இருந்தது. நாடே அவர் பெயரைக் கேட்ட அதே ஆண்டில், எண்பது கடந்த அவரை ஹார்லெமில் இருந்த வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள்.