கத்திக்கு முன்னால் காற்று

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆய்வுக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மண்டல இணை இயக்குநர் ஐயா அவர்களே, எனக்குப் பொருந்தாத பட்டங்களையெல்லாம் சூட்டி வரவேற்ற செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, இளம் கால்நடை மருத்துவர்களே, நாய் வளர்க்கும் அன்பர்களே, வணக்கம்.

நாயின் நெஞ்சை எங்கே திறப்பது, நுரையீரல் மடலை, அதாவது நுரையீரலின் ஒரு பகுதியை, எப்படி எடுப்பது, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் துளை அறுவை நமக்கு எட்டுமா என்று மூன்று சங்கதி பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. இன்றைக்கு இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்குள் போக இரண்டு வாசல். ஒன்று பக்கவாட்டு விலா இடைவெளி, மற்றொன்று நெஞ்செலும்பின் நடுக்கோடு. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் போங்கள். இதயத்தருகே இரு பெருந்தமனிகளை இணைத்து, பிறந்தபின்னும் மூடாமல் நின்றுவிட்ட டக்டஸ் குழாயைக் கட்ட இடது 4ஆம் இடைவெளி. நுரையீரல் மடல்களுக்குப் பெரும்பாலும் 5ஆம் இடைவெளி, பின்மடலானால் 6. இரண்டு இடைவெளிக்கு நடுவே மனம் ஊசலாடினால் பின்னாலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விலாவை முன்பக்கம் தள்ளுவது எளிது, பின்பக்கம் அவ்வளவு வளையாது. தப்பான இடைவெளியில் நுழைந்தால், வேண்டிய மடல் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

விலாவைத் தோலுக்கு மேலே எண்ணினால் மட்டும் போதாது. முதுகிலிருந்து விலாவின்மேல் படரும் லாட்டிசிமஸ் தசையைத் தூக்கி, அடியில் கையை முன்னோக்கி விட்டு முதல் விலாவைத் தொட்டு, அங்கிருந்து திரும்ப எண்ணுங்கள். கழுத்திலிருந்து வரும் ஸ்கேலினஸ் தசை 5ஆம் விலாவில் முடியும், அதுதான் மைல்கல். இரத்தக் குழாயும் நரம்பும் விலாவின் பின்விளிம்பை ஒட்டி ஓடுவதால், கத்தி அடுத்த விலாவின் முன்விளிம்புப் பக்கமாகவே நகரட்டும். கீழே நெஞ்செலும்பை நெருங்கும்போது உள்மார்புத் தமனி காத்திருக்கிறது.

இனி ப்ளூரா, நெஞ்சறையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு. கத்திரியின் மழுங்கிய முனையால் குத்தும் அந்த ஒரு நொடியில், மயக்க மருந்து கொடுப்பவர் காற்றுப் பையை அழுத்துவதை நிறுத்த வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும், நுரையீரல் விலாவை விட்டு விலகிக் கீழே சரியும். அதன்பிறகே கத்திரியை ஓட்டலாம். பதறாத காரியம் சிதறாது. பதறினால் சிதறுவது நுரையீரல்.

அந்த நொடிக்குப் பின் நாய் தானாக மூச்சுவிட்டுப் பிழைக்க முடியாது. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை யாராவது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 'யாராவது' யார்? இதைக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்ற ஓர் அறுவையை ஆல்ஃபிரட் பிளேலாக் 1944 நவம்பர் 29 அன்று செய்தார். உலகமே கைதட்டியது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதன்மேல் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வழிசொன்னவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றவர். அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து செய்து பழகியது அவர் கை. பிழைத்து நின்ற நாய்க்கு அன்னா என்று பெயர், அதன் ஓவியம் அந்த நிறுவனத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைக்க 1976 வரை ஆனது. சரி, நாய்க்கு ஓவியம், தாமஸுக்குப் பட்டம். அன்று அந்தக் குழந்தைக்குக் காற்றுக் கொடுத்த மெரல் ஹார்மல் என்ற இளம் மருத்துவரை இங்கே யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்கள் பார்ப்போம். இதைத்தான் சொல்கிறேன்.

மடலுக்கு வருகிறேன். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நான்கு. எடுக்கும்போது முதலில் தமனியைக் கட்டுங்கள், அடுத்து சிரை, கடைசியில் மூச்சுக்குழாயின் கிளை. ஸ்டேப்ளர் இருந்தால் வேலை சுருங்கும். மடல் முறுக்கிக்கொண்ட நாய் வந்தால் (பக் இனத்தில் இடது முன்மடல், நெஞ்சு ஆழமான பெரிய இனங்களில் வலது நடுமடல்) முறுக்கை அவிழ்த்துப் பார்க்க ஆசை வரும். அவிழ்க்காதீர்கள், காம்பில் இறுக்கியை முதலில் போடுங்கள். அவிழ்த்தால் உள்ளே தேங்கிய நச்சு உடம்புக்குள் பாய்ந்துவிடும். பதறாத காரியம் சிதறாது.

எடுத்தபின் வெதுவெதுப்பான சலைனை ஊற்றி, காற்றழுத்தத்தை 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு ஏற்றிப் பிடித்துப் பாருங்கள். குமிழி வந்தால் மறுபடி தையல். இங்கும் அழுத்தம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நாள்பட்டுச் சுருங்கிக் கிடந்த மடலானால் வேகமாகக் காற்றடித்து விரிக்காதீர்கள், அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

நடுக்கோட்டு வாசல் இருபக்கமும் பார்க்க வேண்டியபோது. காரணம் தெரியாமல் நெஞ்சில் காற்று நிறைந்த நாய்க்கு அதுவே சரி. முன்முனையிலோ பின்முனையிலோ நெஞ்செலும்பின் இரண்டு மூன்று துண்டுகளை அறுக்காமல் விடுங்கள். முழுக்கப் பிளந்தால் இரு பாதியும் ஆடும், வலி அடங்காது, எலும்பும் கூடாது.

மூடும்போது விலாக்களைச் சுற்றிப் போடும் தையல் நரம்பையும் சேர்த்து நெரிக்கும். அதனால் அறுத்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இடைவெளிக்கு, மரத்துப்போகச் செய்யும் பூபிவாகெய்ன் மருந்தைப் போடுங்கள், மொத்தம் கிலோவுக்கு 2 மில்லிகிராம் தாண்ட வேண்டாம். நெஞ்சுக்குள் மிஞ்சும் காற்றையும் நீரையும் வெளியேற்றும் வடிகுழாயை, அறுத்த வாய் வழியே விடாதீர்கள். தோலில் பின்னால் நுழைத்து, இரண்டு இடைவெளி தோலுக்கடியில் ஓட்டி, உள்ளே விடுங்கள். அதன் வால்வை இரவு இரண்டு மணிக்கு நாய் கடித்துத் துப்பினால், பகலில் செய்த அத்தனை நேர்த்தியும் அந்த ஓட்டை வழியே போய்விடும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். துளை அறுவையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மாவட்டத்துக்கு ஒரு கால்நடைப் பன்முக மருத்துவமனையிலாவது ஒரு வென்டிலேட்டர், மயக்க மருந்துக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், இரவில் வடிகுழாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவ்வளவுதான் கோரிக்கை. மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்குகிறது. இணை இயக்குநர் ஐயா அதில் கையெழுத்துப் போட முடியாது, தெரியும். போகும்போது ஒரு நகலை வாங்கிக்கொண்டு போனால் போதும். நன்றி, வணக்கம்.