பண்ணைப் பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பேச்சு நம் கரையோரப் பறவைகளைப் பற்றி. மார்கழி விடியலில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகிறவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். நானும் தீவில் படிப்பித்தவன், அந்தப் பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கியவன்.

ஒருநாள் வாடை அடித்த அடியில் களைத்து இறங்கி நின்றேன். மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகளுக்கு அப்பால், முழங்கால் தண்ணீரில் பூநாரைகள். நூறுக்கு மேல் இருக்கும். வலையோடு வந்த ஒரு பெரியவர், "மாஸ்டர், காலைப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். நின்ற இடத்திலேயே சேற்றை மிதித்து மிதித்துக் கலக்குகின்றன. பிறகு தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வர, அந்தக் கலங்கலை உறிஞ்சி வடிகட்டுகின்றன. நடுவில் நாலைந்து சாம்பல் நிறத்தில் நின்றன. நோய்ப்பட்டவையோ என்று நினைத்தேன். இல்லை, அவை இளசுகள். பெரியவற்றின் சிவப்பு தின்னும் இரையிலிருந்து ஏறுவது, அதற்குச் சில வருடம் எடுக்கும். அன்று பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

சரி, "அரிய பறவை எங்கே பார்க்கலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் சாதாரணக் கூட்டத்துக்குள்தான் நிற்கும். திரும்பவும் சொல்கிறேன், கூட்டத்துக்குள் தேடுங்கள். அரியாலைப் பக்கம் கருவால் மூக்கன்கள் என்ற நீண்ட அலகுக் கரைப்பறவைகள் எழும்பும்போது சிறகில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், வால் நுனி கறுப்பு. அதற்குள் ஒன்று கோடில்லாமல், வரிவாலோடு பறந்தால் விடாதீர்கள். அது பட்டைவால் மூக்கன். 2022இல் இடங்காட்டும் கருவி பொருத்திய அந்த இனப் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்தது. படம் எடுக்கவென்று இவற்றைத் துரத்தாதீர்கள். தை, மாசியில் வடக்கே திரும்பிப் போகச் சேர்க்கும் கொழுப்புத்தான் ஒவ்வொரு எழும்பலிலும் கரைகிறது.

அப்புறம் சுண்டிக்குளத்து ஊசிவால் வாத்துகள், மன்னாரில் வங்காலை... நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மன்னார் மணல்திட்டுகளில் நண்டுதின்னியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளை உடம்பு, தடித்த அலகு. மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கரைப்பறவை அது. கண்டால் நாள், இடம், எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வணக்கம்.