எண்ணெய் கொட்டுவதற்கு முதல்
(கிளிநொச்சியில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள், மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு இருப்பதை 2011இல் கெயார்ன் நிறுவனம் துளையிட்டுக் கண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் ஒரு சிலிண்டர்கூட நிரம்பவில்லை, அது வேறு கதை. நாளைக்கு எடுக்க வந்தால், பேசாலையிலும் விடத்தல்தீவிலும் கடலை நம்பியிருக்கிற சனம் முதலில் விசாரிக்க வேண்டியது அங்கே வேலை செய்யப்போகிற ஆட்களைப் பற்றித்தான்.

அந்த ஆட்களை எடுப்பதும் பழக்குவதும் கம்பனியின் மனிதவளப் பிரிவு. ஆனால் மனிதவளப் பிரிவு என்றால் லீவுக் கடிதம் கொடுக்கிற இடம், சம்பளச் சீட்டு வாங்குகிற இடம், அவ்வளவுதானே நமக்கு? சரி, எக்சன் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பலை எடுப்போம். 1989 மார்ச் 24, அலாஸ்காவில் பாறையில் ஏறி ஏறத்தாழ 4 கோடி லீட்டர் மசகு எண்ணெய் கடலில் போனது. கப்டன் குடித்திருந்தார் என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம், ஏனென்றால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் அமெரிக்க விசாரணை அதோடு நிற்கவில்லை. அந்த நேரம் கப்பலைச் செலுத்திய மூன்றாம் அதிகாரி களைத்துப்போய், அளவுக்கு மீறிய வேலையோடு நின்றவர் என்றும், ஓய்வெடுத்த, போதுமான ஆட்களைக் கம்பனி கொடுக்கவில்லை என்றும் சேர்த்தே எழுதியது. ஆட்களைக் குறைத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த கணக்கு கடைசியில் கடற்பறவைகளின் தலையில் விழுந்தது.

2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் செத்தார்கள், 87 நாள் எண்ணெய் கொட்டியது. அந்தத் துளைமேடையின் சொந்தக்காரரான ட்ரான்ஸோஷன் அதே ஆண்டைப் பாதுகாப்பில் தங்களுக்கு மிகச் சிறந்த ஆண்டு என்று எழுதி, மேலதிகாரிகளுக்குப் போனஸ் கொடுத்தது! ஊரெல்லாம் கொதித்தபிறகு அந்தக் காசை நன்கொடையாகக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எதற்குப் போனஸ் என்று எழுதிவைத்திருக்கிறதோ, கம்பனி அந்தப் பக்கம்தான் ஓடும்.

நம்ம பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த தண்ணீரை அள்ளிப் பார்த்த ஆட்கள் நாங்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நாட்களில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய வன்னி இது. அப்படியிருந்தும் இன்றைக்குக் கராஜில் புதிதாகச் சேர்ந்த பொடியன் கழிவு ஒயிலை வாளியோடு வடிகாலில் ஊற்றுகிறான், பீப்பாயைக் காட்டி ‘இதுக்குள்ள ஊத்து தம்பி’ என்று முதல் நாளே ஒருவரும் சொல்லவில்லை.

மன்னாரில் ஆள் எடுக்க வரும்போது நம்ம பிள்ளைகளைக் காவலுக்கும் சமையலுக்கும் மட்டும் கூப்பிடுவார்கள், அதற்குத் தலையாட்டாதீர்கள். கடலடித் துளை, அளவீடு, கசிவுக் கண்காணிப்பு என்று பயிற்சி கேளுங்கள். நேர்முகத்தில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: தொடர்ந்து எத்தனை நாள் ஷிப்ட்? பிழை கண்டு வேலையை நிறுத்தச் சொன்ன கடைசி ஆள் இப்போதும் அங்கே வேலை செய்கிறாரா?