டார்னீட் சகோதரியின் கேள்வி: பொலிஸார் என்ன செய்கிறார்கள்?

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. மெல்பேர்ணின் மேற்கே, டார்னீட்டில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய சொற்களிலேயே வாசிக்கிறேன்.

"எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் இரவு இரண்டு மணிக்குப் புகுந்து, கார்த் திறப்பை எடுத்துக் காரைக் கொண்டுபோய்விட்டார்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பொலிஸார் ஏன் ஒன்றும் செய்வதில்லை? இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகனுக்குப் பதினைந்து வயது. போன வாரம் அவனும் இரண்டு சிநேகிதர்களும் பூங்காவில் நின்றதை யாரோ படம் எடுத்து, 'இவர்களைத் தெரியுமா, கவனம்' என்று அதே குழுவில் போட்டிருந்தார்கள்."

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2025 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் 6 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள் பதிவாகின. அது முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 17 சதவீதம் அதிகம். கார்த் திருட்டு இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்கு ஏறியிருந்தது. புதிய கார்களில் சிறு கருவியொன்றைச் செருகி, வெற்றுத் திறப்பில் அந்தக் காரின் குறியீட்டைப் பதிந்துகொண்டு, சில நிமிடங்களில் ஓட்டிச் சென்றுவிடுகிறார்கள். அது முடியாத கார்களுக்குத்தான் திறப்பைத் தேடி வீட்டுக்குள் வருகிறார்கள். உங்கள் தெருவில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

அதேவேளை, எல்லாக் குற்றமும் ஒரேயடியாகக் கூடிவிட்டதாக எண்ணிவிடவும் கூடாது. அவுஸ்திரேலியாவில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இலட்சம் பேருக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்த கொலை விகிதம், அண்மைக் காலத்தில் ஒன்றை ஒட்டி நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளை வைத்து இதை அறிய முடியாது. அங்கே நடந்தது மட்டும்தான் வரும், நடக்காமல் போனது வராது.

ஆனாலும் பயமூட்டும் சம்பவங்கள் நடக்காமல் இல்லை. 2025 மே 25ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மெல்பேர்ணின் வடக்கே பிரெஸ்டனில் உள்ள நோர்த்லண்ட் கடைத்தொகுதிக்குள் இளைஞர் குழுக்கள் நீண்ட வெட்டுக்கத்திகளோடு மோதிக்கொண்டன. மூன்று நாட்களுக்குள் அத்தகைய கத்திகளை விற்பதற்குத் தடை வந்தது. செப்டெம்பர் 1 முதல் வைத்திருப்பதும் குற்றமாயிற்று. நவம்பர் இறுதிவரை பொலிஸ் நிலையங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளில் அவற்றைப் போட்டுவிடலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். 'வாள்வெட்டு' என்ற சொல்லை யாழ்ப்பாணத்துச் செய்திகளில் வாசித்துப் பழகிய நம்மவர்களுக்கு, அந்தச் சொல் மெல்பேர்ணுக்கும் வந்துவிட்டதே என்று அன்று எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பிடித்தவர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். பிணைச் சட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2017 ஜனவரி 20ஆம் திகதி, மெல்பேர்ண் நகர மையத்தில் உள்ள பேர்க் தெருவில் ஒருவன் காரை மக்கள்மீது ஏற்றி ஆறு பேரைக் கொன்றான். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், பொலிஸார் எதிர்த்தும், அவனுக்குப் பிணை கிடைத்திருந்தது. ஊரே கொதித்தது, 2018இல் பிணைச் சட்டத்தை இறுக்கினார்கள். அந்த இறுக்கத்தில் யார் சிக்கினார்கள்? கடைத் திருட்டுக் குற்றச்சாட்டில் பிணை மறுக்கப்பட்ட 37 வயதான பழங்குடிப் பெண்ணொருவர், 2020 ஜனவரி 2ஆம் திகதி, சிறை அறைக்குள் உதவி கேட்டுக் கேட்டே இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரி 2023இல் அந்தச் சட்டத் திருத்தத்தையே மிகக் கடுமையாகக் கண்டித்தார். 2024இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கார்த் திருட்டும் வீடு புகுதலும் கூடியதும், 2025 மார்ச்சில் மறுபடியும் இறுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியாக நடந்த கொடுமைக்கு விடையாகவே சட்டம் எழுதப்படுகிறது. அடுத்த கொடுமை வேறு வாசலால் வருகிறது.

நம் வழமையான நேயர்களுக்கு இது அலுத்திருக்கும். ஆனாலும் திரும்பச் சொல்கிறேன்: நடந்ததைப் பொலிஸில் முறையிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் காரின் இலக்கத்தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூன்று நாட்கள் சும்மா இருந்தேன். ஊரில் என் தகப்பனார் பொலிஸ் நிலைய வாசலைக்கூடத் தலை நிமிர்ந்து கடந்ததில்லை. அங்கே போவதென்றால் வீட்டில் எல்லோரும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பயம் கடல் தாண்டியும் என்னோடு வந்திருந்தது. மனைவியின் வற்புறுத்தலில் போனேன். கவுண்டரில் இருந்த இளம் பெண் அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டு, "அயலவர்கள் யாருக்காவது இப்படி நடந்ததா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து விசாரித்தால், எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் தகடுகள் போயிருக்கின்றன. மூவரும் நம்மவர்கள், ஒருவரும் முறையிடவில்லை. திருடிய காரில் மாட்டி ஓடுவதற்குத்தான் இந்தத் தகடுகள் போகின்றன. நாங்கள் நான்கு குடும்பங்களும் மௌனமாக இருந்தால், பொலிஸாரின் கணக்கேட்டில் எங்கள் தெரு அமைதியான தெரு. அமைதியான தெருவுக்கு ரோந்து வண்டி ஏன் வரப்போகிறது?

ஆபத்து கண்முன் நடந்தால் 000. நடந்து முடிந்ததைப் பதிவதற்கு, விக்டோரியாவில், 131 444. ஆங்கிலம் தடையென்றால் 131 450ஐ அழைத்து 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பார்கள். அம்மா அப்பாவின் கைப்பேசியில் இந்த மூன்று எண்களையும் இன்றே பதிந்துவையுங்கள்.

பொலிஸார் ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று கேட்டீர்கள். குற்றம் நடக்காத நேரத்தில் பொலிஸார் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன், ஏனென்றால் அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில், டார்லிங் ஆற்றங்கரையில், சிட்னியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில் பேர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மேலே சொன்ன தெருவின் பெயரேதான், ஆனால் இது வேறு இடம். சிறுவர்கள் சிறைக்குப் போய்வருவதே வழமையாகிவிட்ட அந்த ஊரில், பழங்குடிப் பெரியவர்கள் 'மரங்குகா' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். அங்குள்ள பழங்குடியினரின் நியெம்பா மொழியில் அதற்கு மற்றவர்களைப் பராமரித்தல் என்று பொருள். முந்தைய இரவில் யார் வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பதைக் காலையில் பொலிஸாரும் ஊராரும் கூடிப் பேசினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபடும் இளைஞர்கள் ஏராளம் என்று கண்டு, அவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 2016ஐயும் 2017ஐயும் ஒப்பிட்ட மதிப்பீடு, பொலிஸில் பதிவான குடும்ப வன்முறைச் சம்பவங்கள் 23 சதவீதம் குறைந்ததாகவும், சிறுவர்மீது அதிகம் பதிவாகும் ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள் 38 சதவீதம் குறைந்ததாகவும் காட்டியது. அந்த ஊரின் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் இதைச் செய்தவர்களும் பொலிஸார்தான்; அவர்களோடு ஊரும் இருந்தது.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன், சகோதரி. என்னை உறுத்தியது அந்தப் படம்தான். 2018 ஜனவரியில், அன்றைய உள்துறை அமைச்சர் பீற்றர் டட்டன், மெல்பேர்ண் மக்கள் இரவில் உணவகத்துக்குப் போகவே பயப்படுகிறார்கள் என்றும், அதற்கு ஆப்பிரிக்கக் கும்பல்களே காரணம் என்றும் பேசினார். தென் சூடானிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு குற்றமும் செய்யாதவர்கள், பேருந்திலும் கடையிலும் வெறித்துப் பார்க்கப்பட்டார்கள். அப்போது நம் கூட்டங்களிலும் சிலர் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார்கள். அதை நான் நேரில் பார்த்தேன், வாய் திறக்கவில்லை, இன்றும் வருந்துகிறேன். இன்று அதே பார்வை உங்கள் பிள்ளைமீது விழுந்திருக்கிறது.

ஆகையால் இப்படிச் செய்யுங்கள். இன்று மாலையே அந்தக் குழுவில், "நடுவில் நிற்பவன் என் மகன், இன்ன வீட்டில் இருக்கிறோம், தேநீருக்கு வாருங்கள்" என்று எழுதுங்கள். மகனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவன் வேண்டாம் என்றால், படம் போட்டவரிடம் தனியே பேசி அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். கார்த் திறப்பைக் கதவருகே தொங்கவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த காணொளியில் முதலில் அதைத்தான் வாசிப்பேன்.