கனடாவுக்கு மொத்தம் எவ்வளவு? முதலில் இந்த வங்கிக் கடிதத்தைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு எனக்கு வாயெல்லாம் பல். நாங்கள் குடும்பத்தோடு கனடாவில் குடியேறக் கேட்ட வங்கிக் கடிதம் வந்துவிட்டது! இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கணக்கு எண்களை விரலால் மறைத்திருக்கிறேன், எட்டிப் பார்க்காதீர்கள். வங்கியின் பெயர் அச்சடித்த தாள், ஊதா மையில் முத்திரை, அதன்மேல் மேலாளரின் கையெழுத்து, அடியில் கிளையின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல் என்கிற ஒரு வரிக்கு நான் பட்ட பாட்டைத்தான் இன்றைக்கு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

போன காணொளிக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்வி: "மொத்தம் எவ்வளவு ஆகும் அக்கா?" சொல்கிறேன், என் சிவப்பு அட்டை நோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பணத்தைச் சேர்ப்பதைவிட, பணம் இருக்கிறது என்று நிரூபிப்பதில்தான் என் உயிர் போனது. அதைச் சொல்லாமல் கணக்குக்குள் போனால் இன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் எங்களுக்கு அழைப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லா ஆவணங்களையும் ஏற்றியாக வேண்டும். அதில் ஒன்று, அங்கே போய்க் குடும்பம் நடத்தக் கையில் பணம் இருக்கிறது என்பதற்கான சான்று. நான்கு பேர் குடும்பத்துக்கு, 2025 ஜூலையில் மாற்றிய பட்டியலின்படி 28,362 கனடா டாலர். டாலரை 60 ரூபாய் என்று குறைத்தே பிடித்தாலும் 17 லட்சத்தைத் தாண்டுகிறது. இது கட்டணம் இல்லை, யாருக்கும் கொடுக்க வேண்டாம், நம் கணக்கில்தான் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தொகையை மாற்றுவார்கள், நீங்கள் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மதிப்பைக் காட்ட முடியாது. கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது. நிரந்தர வைப்பைக் காட்டலாம். இதெல்லாம் சரி. ஆனால் வங்கி தரும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கனடா குடியேற்றத் துறை ஒரு பட்டியலே போட்டிருக்கிறது: ஒவ்வொரு கணக்கின் எண், அது தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, நமக்கு உள்ள கடன்கள், வங்கியின் முகவரியும் தொடர்பு விவரமும். நேற்று யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டு, நாளைக்கு எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சராசரி. நியாயமான விதிதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை நம் வங்கியோடு. பெயரைச் சொல்ல மாட்டேன். திருச்சியில் நான் இருபது வயதிலிருந்து கணக்கு வைத்திருக்கும் கிளை, அவ்வளவுதான். முதலில் ஒரு பேலன்ஸ் சர்ட்டிபிகேட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்றைய தேதி, இன்றைய இருப்பு, முடிந்தது. "சராசரி வேண்டும் சார்" என்றேன். "இன்றைக்கு இருக்கிற பணத்தைத்தானேம்மா கேட்பார்கள்? ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன இருந்தால் அவர்களுக்கு என்ன?" என்று என்னையே கேட்கிறார் அந்தக் கவுன்ட்டர்காரர். நான் என்ன கனடா அரசாங்கமா? அடுத்த மேசையில் சால்வன்சி சர்ட்டிபிகேட், அதாவது சொத்து மதிப்புச் சான்று, வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அது வேறு, இது வேறு என்று நின்றுகொண்டே விளக்கினேன். கணினியில் சராசரி வராது என்றார்கள். அபராதம் பிடிக்க மட்டும் மினிமம் பேலன்ஸ் சராசரி நன்றாகவே வருகிறதே!

கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் முடிவு இருப்பையும் என் நோட்டில் எழுதிக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, கடிதத்தையும் நானே தட்டச்சு செய்து கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் ஓர் அதிகாரியை அழைத்துச் சரிபார்க்கச் சொன்னார். அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டத் தட்ட நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைசா பிசகவில்லை! பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை என்ன சொன்னார் என்பது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். அவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் மின்னஞ்சல். "கடிதத்தில் மின்னஞ்சல் போடும் வழக்கம் இல்லை மேடம்." வழக்கம் இல்லையாம். சுவரில் குறைதீர்ப்பு அறிவிப்புப் பலகையில் அதே மின்னஞ்சல் பெரிய எழுத்தில் தொங்குகிறது. கையை நீட்டிக் காட்டினேன். மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு காரியம் நடந்துவிட்டது. கட்டணம் 100 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 118. கடிதத்தை எழுதியவள் நான், கணக்குப் போட்டவள் நான், 118 ரூபாய் அவர்களுக்கு. தாள் அவர்களுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

இதிலே ஒன்று விட்டுவிட்டேன். இடையில் பெரிய தொகை ஏதாவது வந்திருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும். என் அப்பா கொடுத்த பணம் அப்படி வந்ததுதான். அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கினேன். "பெற்ற மகளுக்குக் கொடுத்ததற்குப் பத்திரமா?" என்று அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனவர், மறுநாள் முத்துமுத்தான கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தார்.

இப்போது கட்டணக் கணக்கு. இது 2024 ஏப்ரல் 30 முதல் நடப்பில் இருந்த விகிதம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், நீங்கள் போடும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பப் பரிசீலனை 950 டாலர், நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575 டாலர். எங்கள் இருவருக்கும் 3,050. பிள்ளைகளுக்குத் தலைக்கு 260, அவர்களுக்கு அந்த 575 கிடையாது. ஆக 3,570. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 575 திரும்பி வரும், 950 வராது. கைரேகை! கைரேகையை மறந்துவிட்டேன் பாருங்கள், குடும்பத்துக்கு 170. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை வேண்டாம், எங்கள் இருவருக்கு மட்டும்தான். எல்லாம் சேர்த்து 3,740 டாலர், இரண்டேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலத் தேர்வு, பட்ட மதிப்பீடு எல்லாம் இதற்கு முன்பே முடிந்த செலவு, அந்தக் காணொளிகள் சேனலில் இருக்கின்றன. காவல்துறைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஆளுக்கு 500 ரூபாய். அந்த அலுவலகத்தை மட்டும் நான் குறை சொல்லவே மாட்டேன். டோக்கன், மேசை, முடிந்தது.

இதே வேலையை "பேக்கேஜ்" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் சில கன்சல்டன்ட்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, என்ன ஊட்டி கொடைக்கானல் சுற்றுலாவா? ஆள் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லக் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ வழக்கறிஞருக்கோதான் அனுமதி உண்டு. உரிம எண்ணைக் கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, விசா வந்த பிறகு அந்தப் 17 லட்சத்தை அனுப்புவது. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்புவது 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். 17 லட்சத்தையும் என் கணவர் பெயரிலேயே அனுப்பினால் 1 லட்சத்து 40 ஆயிரம் அப்படி நிற்கும். அந்த வரம்பு ஆளுக்குத்தானே? அவர் எட்டரை, நான் எட்டரை, அவரவர் கணக்கிலிருந்து, அவரவர் பான் எண்ணில். ஒரு பைசா பிடித்தம் இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டில் கேசரி.

நகைக்கு வருகிறேன். என் மாமியாரின் கவலையே அதுதான். குடியேறப் போகிறவர்கள் கொண்டுபோகும் பொருட்களுக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும், எல்லோரும் பி4 படிவம் என்பார்கள். கூடவே கொண்டுபோவது ஒரு பட்டியல், பின்னால் வரப்போவது ஒரு பட்டியல். பின்னால் வருவதை அன்றைக்கே எழுதாவிட்டால் பிறகு வரி கட்ட நேரலாம். வெறுமனே "சங்கிலி" என்று எழுதக் கூடாது. "22 காரட் தங்கச் சங்கிலி, 40 கிராம், தாமரைப் பதக்கம்", பக்கத்தில் புகைப்படம், நகை மதிப்பீட்டாளர் சான்று. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, ஜிமிக்கி, நெளி மோதிரம், குழந்தையின் அரைஞாண் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தோம்.   காசுமாலை மாமியாரிடமே இருக்கட்டும் என்று முடிவு, அவருக்கு அதில் பெரிய நிம்மதி. இன்னொன்று: கிளம்பும்போது இங்கே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவையுங்கள். விடுமுறைக்குத் திரும்பும்போது அதே நகைக்கு இங்கே வரி கேட்க மாட்டார்கள்.

கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள், மிக்ஸியும் வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்கே ஓடும் 110 வோல்ட் மிக்ஸி நம் ஊரிலேயே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். என் கல் கிரைண்டரைத் தங்கை கேட்டிருக்கிறாள், இன்னும் மனசு வரவில்லை.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நாங்கள் போகும் ஒன்டாரியோவில் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். 2010இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியும் வேண்டும். நம் அரசு அட்டவணையில் அது கிடையாது, தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. பெரியவளுக்குப் போட்டிருக்கிறது, சின்னவனுக்கு நாளை மறுநாள். அங்கே வீடு பிடிக்கிறவர்களுக்கு ஒரு வரி: ஒன்டாரியோவில் முதல் மாத, கடைசி மாத வாடகையை முன்கூட்டிக் கேட்கலாம், அதற்கு மேல் டெபாசிட் கேட்பது சட்டப்படி செல்லாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அடுத்த காணொளி சென்னையில், மருத்துவப் பரிசோதனை. 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பம் போடும்போதே அதையும் முடித்திருக்க வேண்டும், கனடா குடியேற்றத் துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். நான்கு பேருக்கும் என்ன கட்டணம் வாங்கினார்கள் என்பதை ரசீதோடு காட்டுகிறேன். அதற்குள் உங்கள் வங்கியில் சராசரி இருப்போடு கடிதம் கொடுத்தார்களா, எவ்வளவு வாங்கினார்கள் என்று கீழே எழுதுங்கள். 118க்குக் குறைவாக யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.