விடுதியில் நட்பைக் கட்டடம்தான் தீர்மானிக்கிறது

வணக்கம். இன்று தணிந்த குரலில்தான் பேசப்போகிறேன். காலை பதினொரு மணி. என் அறைத்தோழி இன்னும் தூங்குகிறாள். இதைச் சோம்பல் என்று வார்டன் சொல்வார், பெற்றோர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். எந்த வயதில் தூக்க நேரம் எப்படி நகர்கிறது என்று டில் ரோனபெர்க் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதின்ம வயதில் பின்னால் தள்ளிக்கொண்டே போகும் தூக்கம், இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதன் பிறகுதான் முன்னால் திரும்புகிறதாம். அந்த வயதுக்காரர்களையே பொறுக்கியெடுத்து, ஒரே கூரையின் கீழ் அடைத்து, காலை எட்டு மணிக்கு வகுப்பு வைக்கிறார்கள். பிறகு, இரவு இரண்டு மணிக்குச் சலவை இயந்திரம் ஏன் ஓடுகிறது என்று நம்மைக் கேட்கிறார்கள்!

அலாரம் என்று ஒன்று இருக்கிறதே, அது வைத்தவளைத் தவிர எல்லோரையும் எழுப்பும். விடியற்காலையில் எழுந்து படிக்கப்போவதாகச் சபதம் எடுத்து, ஐந்து, ஐந்து பத்து, ஐந்து இருபது என்று வரிசையாக வைப்பாள். முதல் அலாரத்துக்குப் பக்கத்துக் கட்டில் எழும். இரண்டாவதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எழுவார்கள். மூன்றாவதுக்கு யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். அதற்கும் அசையாமல் கிடந்தவள் எட்டு மணிக்கு எழுந்து, "ஏன்டி என்னை எழுப்பவில்லை?" என்று நம்மிடமே சண்டைக்கு வருவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுதியில் நமக்குக் கிடைக்கும் நண்பர்களை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் கட்டடம்தான் தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவர் 1950-இல் எழுதினார்கள். அங்கே இருந்தவர்கள் திருமணமான மாணவர்கள். வீடுகளையும் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, காலியானதைக் கொடுத்தார்கள். ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள். இரண்டு கதவு தள்ளிப் போனால் 22 சதவீதம். தளத்தின் இரு முனைகளிலும் இருந்தவர்களிடையே வெறும் 10. நான்கு கதவு தூரம்தான், நடந்தால் அரை நிமிடம்கூட ஆகாது!

எனக்கு இதில் பிடித்தது மாடிப்படி. படிக்கட்டின் அடியில் வீடு கிடைத்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் கலகலப்பான ஆட்கள் என்பதால் இல்லை; மேலே ஏறுகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும். எங்கள் விடுதியில் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு எதிர் அறைக்காரி இப்படித்தான் எல்லோருக்கும் வேண்டியவள் ஆனாள். பாட்டில் நிரம்புகிற நேரத்தில் சும்மா நிற்க முடியாமல் பேசத் தொடங்கியவர்கள், இப்போது அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார்கள். வைஃபை நன்றாக வரும் மூலையும் அப்படித்தான். அங்கே தரையில் உட்கார்ந்தே வளர்ந்த நட்புகள் உண்டு, முறிந்தவையும் உண்டு. முறிந்தவற்றில் பாதிக்குச் சார்ஜர்தான் காரணம். "ஐந்து நிமிடம்" என்று வாங்கிப் போகிறவள் தருவதில்லை. அது மூன்று அறை கைமாறி, வேறொருத்தியின் பெயர் ஒட்டப்பட்டுத் திரும்பி வருகிறது.

அறைத்தோழி விஷயம் இன்னும் ஆழம். டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழர்களைக் குலுக்கல் போலத்தான் ஒதுக்கினார்கள். அதை வைத்து புரூஸ் சாசர்டோட் என்ற பொருளியலாளர் 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கூட இருப்பவரின் படிப்பு நம் மதிப்பெண்ணைத் தொடுகிறது. எந்தச் சங்கத்தில் சேர்கிறோம் என்பதையும் தொடுகிறது. எந்தப் பாடத்தை முதன்மையாக எடுக்கிறோம் என்பதில் மட்டும் அந்தத் தாக்கம் தெரியவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அறைத்தோழி விளக்கை அணைத்தால் நானும் படுத்துவிடுகிறேன். அவள் எழுதும் சமன்பாடுகளைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் ஆசை வந்ததில்லை.

பெண்கள் விடுதிகளில் சீனியர்கள் ரகசியம்போலச் சொல்லும் ஒன்றும் இருக்கிறது: சேர்ந்து இருந்தால் மாதவிடாய் நாட்களும் சேர்ந்துவிடும் என்று. அது வெறும் வம்பு அல்ல. மார்த்தா மெக்ளின்டாக் 1971-இல் கல்லூரி விடுதி மாணவிகள் 135 பேரை வைத்துச் செய்த ஆய்விலிருந்துதான் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. சுழற்சிகளின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், அவ்வப்போது தேதிகள் தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது கவனிக்கிறோம், விலகும்போது மறந்துவிடுகிறோம். சீனியர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

அடுத்த ஆண்டு அறை ஒதுக்கும்போது வெளிச்சம், அலமாரி, மின்விசிறி என்று பார்ப்பீர்கள். பாருங்கள். கூடவே, கதவைத் திறந்தால் எதிரே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஆட்கள் வேண்டும் என்றால் படிக்கட்டுப் பக்கம் கேளுங்கள். தூக்கம் வேண்டும் என்றால் கடைசி அறை. இரண்டும் வேண்டும் என்கிறவர்கள், தயவுசெய்து எங்கள் தளத்துக்கு வந்துவிடாதீர்கள்; நள்ளிரவில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, யார் சத்தம் போட்டாலும் வார்டனிடம் போகிறவர்கள் அவர்கள்தான்.