குதிரைக்கு எழுத்துத் தெரியாது

நடுவர் அவர்களே, அம்மாப்பேட்டைப் பாவடியில் இந்த நேரத்திலும் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'விலங்குகளை வைத்து அரசியல் கதை எழுதுவது துணிவா, ஒளிவா?' இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய ஐயா, "மன்னனைத் திட்டுவதென்றால் மன்னன் என்றே எழுது, பன்றிக்குப் பின்னால் ஏன் ஒளிகிறாய்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி, ஒளிந்தவரின் கதையையே பார்ப்போம்.

ஜார்ஜ் ஆர்வெல் 'விலங்குப் பண்ணை'யை எழுதி முடித்தது 1944இல். பண்ணையாரை விரட்டிவிட்டு விலங்குகளே ஆளத் தொடங்கும். மெல்ல மெல்லப் பன்றிகள் புதிய பண்ணையார்களாகிவிடும். ஸ்டாலினின் ரஷ்யா என்று படித்தவுடனே தெரியும். அப்போது ரஷ்யா பிரிட்டனின் போர்க்கூட்டாளி. நான்கு பதிப்பகங்கள் மறுத்தன. அதில் ஒன்று, ஆளுகிறவர்களைப் பன்றிகளாகக் காட்டாமல் இருந்தால் உறுத்தல் குறையும் என்று கடிதமே எழுதியது. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து, 1945 ஆகஸ்டில்தான் புத்தகம் வந்தது. ஐயா, ஒளிந்திருந்த ஆளை இத்தனை பேர் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நம் பக்கம் வாருங்கள். பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் ஒரு கருப்பு ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அடையாளம் போட, சனங்கள் அரசாங்க வரிசையில் நிற்கிறார்கள். சேலம் கருப்பாடு வளர்க்கிற நமக்கு, வரிசையில் நிற்பது ஆடா நாமா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மன்னனைப் பெயர் சொல்லித் திட்டினால் நாம் வேடிக்கை பார்ப்போம். மன்னன் போனால் அந்தத் திட்டும் போய்விடும். விலங்குக் கதையில் பன்றியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வர முடியாது. கோழி, ஆடு, கழுதை, குதிரை என்று பண்ணையே இருக்கிறது. அதில் நான் எது என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

ஆர்வெலின் பண்ணையில் பாக்ஸர் என்றொரு வண்டிக்குதிரை. என்ன கஷ்டம் வந்தாலும் 'நான் இன்னும் கடுமையாக உழைப்பேன்' என்று சொல்லும். எழுத்துப் படிக்க உட்கார்ந்தால் நான்காவது எழுத்தைத் தாண்டாது. உழைத்து உழைத்து விழுந்ததும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று பன்றிகள் அதை வண்டியில் ஏற்றுகின்றன. வண்டியின் பக்கவாட்டில், குதிரை அறுப்பவனின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது.

இந்த இடத்தை ஒருநாள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா தறிக்காரர், கைநாட்டு. நான் வாசிக்க வாசிக்க நெய்துகொண்டே இருந்தவர், நாடாவைக் கையில் பிடித்தபடி நிறுத்திவிட்டார்.

"வண்டியில எழுதியிருந்ததை அந்தக் குதிரையால படிக்க முடியலையா?"

"முடியலைப்பா."

அந்த ரஷ்ய ஸ்டாலின் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. ரஷ்யா எங்கே என்றும் கேட்கவில்லை. தறிக்குழியை விட்டு எழுந்து போய், வட்டிக்கு வாங்கினபோது பெருவிரல் வைத்துக் கொடுத்த பத்திரத்தின் நகலைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார், நடுவர் அவர்களே.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிம்மா" என்றார்.